ஓடாத காரும் ஒரு திருட்டு முயற்சியும்: ஒரு 2003 மாருதி 800இன் கதை

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில், லிஃப்ட் இல்லாத காலத்தில் கட்டிய ஒரு சின்ன அடுக்குமாடி. அதன் பக்கவாட்டுச் சந்தில், மதில் சுவரை ஒட்டி நிற்கிறது பெரியப்பாவின் மாருதி 800. 2003இல் புதிதாக வாங்கியது. வங்கி வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றபிறகு கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது ஒரு கல்யாணம், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஓடிய தூரம் இன்னும் 50,000 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்வதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரே வருடத்துக்குள் இந்த வண்டிக்கு இரண்டு சம்பவங்கள் நடந்தன. முதலாவது, அவசரமான ஒரு ராத்திரியில் ஸ்டார்ட் ஆகாமல் காலை வாரியது. இரண்டாவது, அதைத் திருட வந்தார்கள். இரண்டுக்கும் பிறகு வண்டியைப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் முதல் பிரச்சினைக்குச் செய்த வைத்தியம் இரண்டாவதில் வண்டியைக் காப்பாற்றியது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

செல்ஃப் எடுக்காத ராத்திரி

பெரியம்மாவுக்கு நெஞ்சு அடைப்பது போல இருந்தது. பெரியப்பா இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் பானட்டுக்குள் டக் டக்கென்று சத்தம் மட்டும். ஆட்டோ பிடித்துப் போனார்கள், வாயுத் தொந்தரவு என்று தெரிந்து திரும்பி வந்தார்கள். நெஞ்சு வலி என்றால் காருக்குப் போவதே தப்பு, 108ஐக் கூப்பிட வேண்டும் என்று அப்புறம் சொல்லிவைத்தேன். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் இது பொருந்தும்.

மறுநாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 11.8 வோல்ட். முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட காலி. “வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே, அப்புறம் எப்படிப்பா?” என்றார் பெரியப்பா. நம் ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான், அதனால் அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்து, வண்டி அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்த்தோம். 90 மில்லி ஆம்பியர். இத்தனை எளிமையான வண்டியில் 20, 30க்கு மேல் போகவே கூடாது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் குற்றவாளி சிக்கியது: எப்போதோ வெளிக்கடையில் போட்ட ஸ்டீரியோ. சாவியை எடுத்தாலும் முழுசாக அணையாதபடி நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்திருந்தார்கள்.

90 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 2 ஆம்பியர் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வாரத்துக்கு 15. அந்த பேட்டரி புதிதாக இருந்தபோதே அதன் கொள்ளளவு 35தான். இந்தப் பக்கம், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடும் ஐந்து நிமிட ஐடிலிங்கில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தாராளமாக 15 ஆம்பியர் கொடுத்தால்கூட உள்ளே போவது ஒன்றேகால் ஆம்பியர் மணி நேரம். பதினைந்து போகிறது, ஒன்றேகால் வருகிறது. “ஸ்டார்ட் பண்ணுவதே பேட்டரியைத் தின்னும்” என்று சிலர் சொல்வார்கள், அது மிகை. ஸ்டார்ட்டர் இழுப்பது பெரிய மின்சாரம்தான், ஆனால் இரண்டு மூன்று நொடிக்குத்தான். பேட்டரியைத் தின்றது நிற்கும் நேரம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாரம் அரை மணி நேரம் ஓட்டியிருந்தாலும் இந்தக் கசிவை ஈடுகட்டியிருக்க முடியாது. அரை மணி நேர ஓட்டத்தில் நன்றாகப் போனால் 10 ஆம்பியர் மணி நேரம் ஏறும். கசிவை அடைத்தபிறகோ வாரச் செலவு 3, 4தான், அதற்கு அரை மணி நேரம் போதும். ஆகவே முதலில் கசிவு, பிறகுதான் ஓட்டம். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்து, வருடத்துக்கு ஒரு பேட்டரி வாங்குகிறார்கள். சென்னை வெயில் வேறு. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் லெட் ஆசிட் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. எங்கள் பேட்டரிக்கும் அதுதான் ஆனது, மாற்றினோம்.

ஐந்து நிமிட ஐடிலிங்கால் வேறு கெடுதலும் உண்டு. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். சைலன்சர் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் ஆயிலிலும் ஈரமும் பெட்ரோலும் சேரும். மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் ஒரு படலம் இருந்தது. கார்புரேட்டர் இல்லாத இதுபோன்ற இன்ஜெக்ஷன் வண்டியிலும் இது வரும்.

ஒயரிங்கைப் பார்த்த எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார்: “சார், எதுக்கு சார் வம்பு, பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் போட்டுடலாம்.” நெகட்டிவ் முனையில் மாட்டும் சின்ன சுவிட்ச், விலை சில நூறு ரூபாய். குமிழைத் திருகிக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகிற வகையாகப் பார்த்து வாங்கினோம். அதைக் கழற்றிவிட்டால் வண்டியில் எதற்கும் மின்சாரம் கிடையாது. கம்ப்யூட்டர் கற்றுவைத்த ஐடில் அளவு மறந்துபோய் முதல் சில நிமிடம் எஞ்சின் கொஞ்சம் தடுமாறும், அது பெரிய விஷயமில்லை. குமிழ் இப்போது வீட்டுக்குள் சாவிக்கொத்தோடு தொங்குகிறது.

கிலோமீட்டர் சொல்லாத வயது

பேட்டரியோடு விட்டிருக்கலாம். ஆனால் பானட்டைத் திறந்த கையோடு எல்லாவற்றையும் பார்த்ததில், குறைவாக ஓடியது என்ற பெருமை எவ்வளவு ஏமாற்று என்று தெரிந்தது. இந்தியாவின் முதல் மாருதி 800க்கான சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியிடமிருந்து வாங்கியவர் ஹர்பால் சிங். 2010இல் அவர் இறந்தபிறகு, அந்தச் சரித்திர வண்டியே டெல்லியில் வீட்டு வாசலில் கிடந்து துருப்பிடித்தது. பின்னாளில் மாருதி நிறுவனம் அதைப் புதுப்பித்துத் தலைமையகத்தில் வைத்தது. நம் வண்டிக்கு அந்த யோகம் வராது.

டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது, பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கச்சுவரில் உள்ள நாலு எண்ணைத் தேடிப் படித்தால் 2214. 2014ஆம் வருடத்தின் 22ஆவது வாரம். முடியிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. பத்து வருடம் தாண்டிய டயரை எந்தக் காரணத்துக்காகவும் வைத்திருக்கக் கூடாது, ஆறாவது வருடத்திலிருந்தே வருடா வருடம் பார்க்க வேண்டும். நாலையும் மாற்றினோம். 12 அங்குல டயர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருந்தது. ஸ்டெப்னியை மட்டும் அப்படியே விட்டோம்.

மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியதில் பின்சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தது. கடற்காற்று இருக்கும் ஊரில் இது சர்வ சாதாரணம். நாள் கணக்கில் நிற்கப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். இதில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீதே இல்லை. எஞ்சினில் ஓடும் ரப்பர் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்தால் இன்னும் மாற்ற வேண்டிய வேளை வரவில்லை என்று தோன்றும். ரப்பருக்கோ வருடக் கணக்கும் உண்டு.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் பங்க்குகளுக்கு வர ஆரம்பித்து, 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2003 வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். காற்றிலேயே உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் பாதி டேங்க் பெட்ரோல் மாதக் கணக்கில் நின்றால், இழுத்த தண்ணீரோடு எத்தனால் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்க்கை நிரப்பிவை என்பது பழைய புத்தி: உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். ஊருக்குப் போய்ப் பல மாதம் நிற்கப்போகிறது என்றால் அதுவே சரி. வாரம் ஒரு முறை ஓடும் வண்டிக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். டேங்க் மொத்தமே 28 லிட்டர், பத்து பன்னிரண்டு லிட்டராகப் போட்டு, ஓட்டித் தீர்த்து, புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கலாம். குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியாயிற்று.

எலி? உண்டு. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் தேங்காய் நார், பக்கத்தில் கடித்த ஒயர். புகையிலை, நாஃப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். காற்று புகும் வாய்க்குக் கம்பி வலை அடிப்பதும் வண்டியை அடிக்கடி நகர்த்துவதும்தான் நான் பார்த்து பலன் தந்தவை.

திருட வந்தவர்கள்

சில மாதம் கழித்து, மழை பெய்த ஒரு விடியற்காலையில் பால்காரர்தான் முதலில் பார்த்தார். வண்டி சந்திலிருந்து வெளியே வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றது. கதவுக் கண்ணாடி உடையவில்லை, பூட்டும் நெளியவில்லை. உள்ளே ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் உறை பெயர்ந்து கிடந்தது, சாவித் துளையை ஏதோ தடித்த கருவியை விட்டுத் திருகியிருந்தார்கள், ஸ்டீயரிங் பூட்டு உடைந்திருந்தது. சாவித் துளை ‘ஆன்’ நிலையில் இருந்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. கட் ஆஃப்.

நடந்ததைப் பின்னோக்கிக் கோத்துப் பார்க்கலாம். கதவைத் திறப்பது இந்த வண்டியில் வேலையே இல்லை. இருபது வருடம் பழகிய பூட்டின் உள் தகடுகள் தேய்ந்துபோய், அதே ரகத்தின் வேறு சாவிகளுக்கே மசியும். கண்ணாடி ஓரமாக இரும்பு ஸ்கேலை விட்டும் திறப்பார்கள். சாவியில் சிப் கிடையாது, ஸ்டீயரிங் பூட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும். அதைத் தாண்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பேட்டரி டவுன் என்று நினைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறார்கள். பேட்டரி வெறுமனே பலவீனமாக இருந்திருந்தால் அது பலித்திருக்கும். இங்கே பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் இல்லை, தீப்பொறி தரும் காயிலுக்கும் இல்லை. எவ்வளவு தள்ளினாலும் எஞ்சின் உயிர் பெறாது. கேட்டருகில் விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த ஸ்டெப்னி, ஜாக்கி, அந்த ஸ்டீரியோ ஆகியவற்றோடு போய்விட்டார்கள். ஸ்டீரியோ போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ஸ்டெப்னியில் யாராவது ஓட்டினால்தான் பாவம்.

கட் ஆஃபின் ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 800இல் பானட்டைத் திறக்கும் நெம்புகோல் உள்ளேதான் இருக்கிறது. கதவு திறந்தவனுக்கு பானட்டும் திறக்கும். குமிழ் அங்கேயே இருந்திருந்தால் திருகிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான். விவரம் தெரிந்தவன் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தும்விடலாம். இருட்டில், மழையில், அதற்கு நேரமோ பொறுமையோ இல்லாததால்தான் இது நின்றது. பூட்டு எதுவானாலும் அது கொடுப்பது நேரம்தான்.

இந்த வண்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இத்தனை பழைய காரை யார் திருடுவார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே 796 சி.சி. எஞ்சின்தான் ஆம்னி வேனிலும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு வகை வண்டிகளுக்கும் உதிரி பாகம் வேண்டும், புதிது குறைந்துகொண்டே வருகிறது. முழு வண்டிக்கு மதிப்பு இல்லாவிட்டாலும் பிரித்துப் போட்டால் உண்டு. மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை திருட்டு வண்டிகளைப் பிரிப்பதற்குப் பேர்போனதாக இருந்து, 2021இல் போலீஸ் நடவடிக்கையில் அடங்கியது. அதற்குச் சரக்காகப் போனவை சொகுசுக் கார்கள் மட்டுமல்ல. போதாததற்கு, இன்ஜெக்ஷன் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் உண்டு. ஈக்கோ வேன்களின் அடியிலிருந்து அதை மட்டும் அறுத்துக்கொண்டு போன வழக்குகள் பல ஊர்களில் வந்திருக்கின்றன.

அதைவிட முக்கியமான காரணம் வண்டி நின்ற கோலம். கவர் மேல் வேப்பஞ்சருகு மட்கிக் கிடந்தது. சக்கரத்தைச் சுற்றி மண் அசையாமல் இருந்தது. யாரும் இதைத் தேடப்போவதில்லை, காணோம் என்று தெரியவே நாலு நாள் ஆகும் என்று தெருவில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. பேட்டரி செத்ததும், ஷூ ஒட்டியதும், எலி குடியேறியதும், திருடன் வந்ததும் அந்த ஒரே கோலத்தால்தான் என்பது என் கணிப்பு. கவரையே நான் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன். வெயிலிலிருந்து பெயிண்டைக் காக்கும், சரி. ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவுக்கும் உதவும், உள்ளே ஒருவன் உட்கார்ந்து வேலை செய்தால் அவனையும் மறைக்கும்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ரசீது வாங்கினோம். இன்சூரன்ஸைப் பார்த்தால் தேர்டு பார்ட்டி மட்டும். ஆயிரம் சி.சி.க்குள் உள்ள காருக்கு அப்போது வரி நீங்கலாக 2,094 ரூபாய், சட்டத்துக்குப் போதும். ஆனால் வண்டியே போயிருந்தாலும் ஒரு பைசா வராது. முழு பாலிசியில் கிடைப்பதும் ஐ.டி.வி. எனப்படும், பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்புதான், ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது பேசி முடிவு செய்கிற தொகை. இவ்வளவு வயதான வண்டிக்குச் சுலபமாகத் தருவதுமில்லை. தருகிறவர் கிடைத்தால், திருட்டுக்குப் பின் இரண்டு சாவியையும் கேட்பார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தொலைத்த சாவிக்கு இப்போதே ஒரு விளக்கமும் புதுச் சாவியும் தயார் செய்துகொள்வது நல்லது.

இப்போது வண்டி இருக்கும் நிலை

சாவித் துளை, கதவுப் பூட்டு, டிக்கிப் பூட்டு எல்லாம் ஒரே செட்டாகப் புதிது. இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், யாரும் செய்வதில்லை. ரிவர்ஸ் கியரில் பூட்டும் இரும்பு கியர் லாக் போட்டாயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும், அதுவே அதன் பாதி வேலை. பெட்ரோல் பம்ப் ஒயரில் ஒரு மறைவு சுவிட்ச், எங்கே என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஜி.பி.எஸ். கருவி வைக்கச் சொல்லி அமெரிக்காவிலிருந்து அண்ணன் வற்புறுத்தினான். இங்கேதான் பேட்டரியைக் காப்பது, திருட்டைத் தடுப்பது என்ற இரண்டு நோக்கமும் முட்டிக்கொள்கின்றன. கட் ஆஃபுக்குப் பின்னால் இணைத்தால் வண்டி நிற்கும்போது கருவிக்கு உயிர் இல்லை. முன்னால் இணைத்தால் ஸ்டீரியோ செய்த வேலையை இது செய்யும். சொந்தமாகச் சார்ஜ் வைத்துக்கொள்ளும் சின்ன டிராக்கர் ஒன்றை மறைத்து வைத்து, மாதா மாதம் எடுத்து சார்ஜ் போடுவது என்று முடிவானது. மாதா மாதம் போடுவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

கவர் போய்விட்டது. மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்தை முழுசாகத் திருப்பிவைக்கிறார்கள். பின்னால் கீழ்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர். சந்தில் ஆள் வந்தால் எரியும் விளக்கு. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் இல்லாமல், பெரியப்பா ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் தாண்டிப் போய் வருகிறார். ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் ஆவியாக அந்த அரை மணி நேரம் போதும். பெரியம்மாவுக்கும் குமிழைப் போடத் தெரியும். ஐப்பசி பிறந்தால் மட்டும் ஏற்பாடு வேறு: கனமழை எச்சரிக்கை வந்தால் வண்டி மேட்டில் இருக்கும் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விடும். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நிறுத்திய கார்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை.

முடிவாகாத ஒன்று பாக்கி இருக்கிறது. பதிவை 2023இல் புதுப்பித்தபோது கட்டணம் 5,000 ரூபாய். 2028இல் அடுத்தது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து அது 10,000, பசுமை வரி தனி. டிரைவர் பக்கத் தரைத் தகட்டில் துரு ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் டிங்கரிங் வேலையும் வரும். அப்போது விட்டுவிடலாமா என்று பெரியப்பா யோசிக்கிறார். விடுவதானால் அங்கீகாரம் பெற்ற அழிப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பதிவை ரத்து செய்யும்வரை வேலை முடியாது என்று சொல்லியிருக்கிறேன். காயலாங்கடையில் எடைக்குப் போட்டு ஆர்.சி.யையும் கையில் கொடுத்துவிட்டால், அந்த எண்ணும் சேஸிஸ் நம்பரும் வேறெங்கோ திருடிய ஒரு 800க்குப் போய்ச் சேரும். அப்புறம் போலீஸ் தேடிவருவது பெரியப்பாவின் வீட்டை.